இடது கண் துடிப்பும் போடாக்ஸ் ஊசியும்

வாசகி கேள்வி:

எனக்கு வயது 46. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது கண்ணின் கீழ் இமை லேசாகத் துடிக்க ஆரம்பித்தது. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது நடக்கும் என்று மாமியார் சொன்னதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது கண், கன்னம், வாயோரம் எல்லாமே இடப்பக்கமாக இழுக்கின்றன. இழுக்கும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது. நான் கண்ணடிப்பதாக வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, மூன்று மாதத்திற்கு ஒரு முறை போடாக்ஸ் ஊசி போட வேண்டும் என்கிறார். "அது நடிகைகள் போட்டுக்கொள்வது, அதுவும் விஷம்" என்று என் கணவர் தடுக்கிறார். முகம் பொம்மை போல ஆகிவிடுமா? வாழ்நாள் முழுதும் போட வேண்டுமா? தைக் கடைசியில் கல்யாணம் வைத்திருக்கும் என் அண்ணன் மகள் (வயது 24) ஓர் அழகு நிலையத்தில் இதே ஊசியைப் போட்டுக்கொள்ளப் போகிறாள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் போட்டால் போதும் என்று அங்கே சொன்னார்களாம். இரண்டும் ஒரே மருந்துதானா?

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களைப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது ஒரு பக்க முக இழுப்பு என்று நாங்கள் சொல்லும் நோய்தான் என்று தோன்றுகிறது. கண்ணைச் சுற்றித் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லக் கீழிறங்கி, கன்னத்தையும் வாயோரத்தையும் பிடித்துக்கொள்வதுதான் அதன் இயல்பு. களைப்பிலும் தூக்கம் குறைந்த நாட்களிலும் எல்லோருக்கும் வந்து போகும் சாதாரண இமைத் துடிப்பு ஓரிரு வாரங்களில் தானே அடங்கிவிடும்; அது கன்னம்வரை இறங்காது, கண்ணை மூடவும் வைக்காது. உங்களுடையது தூக்கத்திலும் தொடர்கிறதா என்று வீட்டில் யாரையாவது கவனிக்கச் சொல்லுங்கள், இந்த நோயில் பெரும்பாலும் தொடரும். மூளைத் தண்டிலிருந்து முக நரம்பு வெளியே வரும் இடத்தில் ஒரு சிறிய ரத்தக்குழாய் வளைந்து அந்த நரம்பை உரசிக்கொண்டிருப்பதுதான் பலருக்கும் காரணம். அரிதாக அந்த இடத்தில் கட்டி ஏதேனும் இருக்கலாம் என்பதால்தான் உங்கள் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார். அதில் வேறு எதுவும் இல்லை என்று அவர் சொல்லியிருந்தால், உயிருக்கோ மூளைக்கோ ஆபத்தில்லாத, ஆனால் மனிதரை நிம்மதியாக இருக்க விடாத ஒரு நோய் உங்களுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவரின் ஆட்சேபத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. இந்த ஊசியை எழுதிக் கொடுக்கும்போது பத்துக் குடும்பங்களில் ஏழெட்டு, இதே இரண்டு சொற்களைத்தான் சொல்கின்றன: நடிகை, விஷம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் சொல் நடந்ததைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் வருவது, இரண்டாவதோ முழு உண்மை.

முதலில் நடிகை விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணை அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். கண்ணை ஒரு பக்கமாக இழுக்கும் தசையைக் கொஞ்ச காலத்துக்குத் தளர்த்திவிட்டால் எதிர்ப்பக்கத் தசை கண்ணை நேராகக் கொண்டுவந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். அதற்காக அவர் பல பொருள்களைக் குரங்குகளில் சோதித்தார். அவற்றில் நினைத்தபடி வேலை செய்தது போட்டுலினம் நச்சு; போடாக்ஸ் ஊசியில் இருக்கும் மருந்து அதுதான். குரங்குகளில் கண்ட முடிவுகளை 1973-லும், மனிதர்களுக்குப் போட்ட முடிவுகளை 1980-லும் அவர் வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை முதன்முதலாக அனுமதித்தபோது அந்த அனுமதி மாறுகண்ணுக்கும், இமைகள் தாமாக இறுகி மூடிக்கொள்ளும் நோய்க்கும்தான். முக நரம்புக் கோளாறால் வரும் இமை இறுக்கமும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது நீங்கள் இப்போது எழுதிக் கேட்கும் நோய், இந்த மருந்தின் முதல் அனுமதிச் சீட்டிலேயே இருக்கிறது.

அழகு விஷயம் பிறகுதான் வந்தது, அதுவும் உங்கள் நோயின் பங்காளி நோயிலிருந்து வந்தது. கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமை இறுகும் நோயுள்ள பெண் ஒருவருக்கு 1987 வாக்கில் இந்த ஊசியைத் தொடர்ந்து போட்டு வந்தார். ஒரு முறை புருவ மத்தியில் போடவில்லை என்று அந்தப் பெண் வருத்தப்பட்டார். அங்கே இழுப்பு இல்லையே என்று மருத்துவர் கேட்க, அங்கே போட்டால் முகம் கவலையில்லாமல் தெரிகிறது என்று பதில் வந்தது. ஜீனின் கணவர் அலஸ்டர் கரூதர்ஸ் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து தங்கள் மருத்துவமனை வரவேற்பாளர் ஒருவருக்கே புருவ மத்தியில் போட்டுப் பார்த்து, மேலும் சிலரிடம் சோதித்து, 1992-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். சுருக்கத்துக்கான அமெரிக்க அனுமதி கிடைத்தது 2002-ல்தான். ஆகவே நடிகைகளின் மருந்து உங்களுக்கு எழுதித் தரப்படவில்லை. உங்களைப் போன்ற நோயாளிகளின் மருந்தைத்தான் நடிகைகள் பின்னால் வந்து எடுத்துக்கொண்டார்கள். இதை உங்கள் கணவரிடம் அப்படியே வாசித்துக் காட்டலாம்.

அடுத்து, விஷம். ஆம், விஷம்தான். மனிதர் அறிந்த நச்சுகளிலேயே கடுமையானது இதுதான் என்று சொல்வது மிகையில்லை. காற்றுப் படாத உணவில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா இதை உண்டாக்குகிறது. ஜெர்மனியில் கெட்டுப்போன ரத்தத் தொத்திறைச்சியைச் சாப்பிட்டு மக்கள் கண் இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சு நின்று இறந்ததை யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1820-களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார். அவர் கவிஞரும்கூட. இந்த நச்சை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அடங்காத நரம்புகளை அடக்கலாம் என்று அவர் அப்போதே ஊகித்திருந்தார். தொத்திறைச்சிக்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் போட்டுலினம் என்ற பெயரே வந்தது. (இடையில் ஒரு சொல்: நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவுகிறார்கள் அல்லவா? தேனில் இந்தப் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இருக்க வாய்ப்புண்டு. பெரியவர்களின் குடல் அவற்றை வளர விடாது, சில மாதக் குழந்தையின் குடலுக்கு அந்தத் திறன் இல்லை. ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம்.)

நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையும் விஷம்தான். அதில் உள்ள அட்ரோபினைத்தான் கண் மருத்துவர்கள் கண்ணின் கருமணியை விரிக்கச் சொட்டு மருந்தாக விடுகிறார்கள். போட்டுலினத்திலும் கணக்கு அதேதான், ஆனால் அளவு இன்னும் நுணுக்கமானது. இந்த மருந்தை மில்லிகிராமில் அளப்பதில்லை, யூனிட்டில் அளக்கிறோம். ஒரு கூட்டம் சுண்டெலிகளுக்கு வயிற்றில் செலுத்தினால் அவற்றில் பாதி எந்த அளவில் இறக்குமோ அதுவே ஒரு யூனிட். குரங்குகளில் செய்த ஆய்வுகளை வைத்து, 70 கிலோ எடையுள்ள மனிதருக்கு உயிராபத்தான அளவு 3000 யூனிட்டை ஒட்டி இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் முகத்துக்கு முதல் முறை தேவைப்படுவது பெரும்பாலும் 15 முதல் 25 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். கண்ணைச் சுற்றி ஓர் இடத்துக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை யூனிட்தான் போடுவோம். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்குத் தலையிலும் கழுத்திலுமாக 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட் போடுகிறோம். பக்கவாதத்தில் இறுகிய கைக்கு அதைவிட அதிகம் தேவைப்படலாம். அவற்றோடு ஒப்பிட்டால் உங்களுடையது மிகச் சிறிய அளவு.

மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். தசையைச் சுருங்கச் சொல்லும் கட்டளை நரம்பின் நுனிவரை மின்சாரமாக வருகிறது. அங்கிருந்து தசைக்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாகத் தாவுகிறது. அந்த வேதிப்பொருள் நரம்பு நுனியில் சின்னச் சின்னப் பைகளில் அடைக்கப்பட்டிருக்கும். பைகள் நரம்பின் சவ்வோடு ஒட்டி உடைந்தால்தான் அது வெளியே வரும். ஒட்ட வைக்கும் கொக்கிகளில் ஒன்று ஸ்னாப்-25 என்ற புரதம். போட்டுலினத்தின் ஏ வகை அந்தக் கொக்கியை நறுக்கிவிடுகிறது. நரம்பு சாவதில்லை, தசையும் சாவதில்லை, இரண்டுக்கும் இடையே பேச்சுத்தான் நின்றுபோகிறது. நரம்பு தன் கொக்கிகளை மறுபடி உண்டாக்கிக்கொள்ள மூன்று, மூன்றரை மாதம் ஆகிறது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். விளைவு நிரந்தரமில்லை என்பது செலவு வகையில் குறை, ஆனால் ஏதாவது தவறிப்போனாலும் அதுவும் நிரந்தரமில்லை என்பதால் அதையே நான் பெரிய பாதுகாப்பாகவும் நினைக்கிறேன்.

தவறிப்போவது என்றால் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊசியைப் போடக் கற்றுக்கொண்ட ஆரம்ப ஆண்டுகளில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவருக்கு மேல் இமையின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் நெருக்கமாக ஊசி இறங்கிவிட்டது. இமையைத் தூக்கும் தசை அங்கேதான் ஓடுகிறது. ஐந்தாம் நாள் அவர் இடது இமை பாதி மூடிய நிலையில் வந்து உட்கார்ந்து, "துடிப்பு நின்றுவிட்டது டாக்டர், கண்ணும் நின்றுவிட்டது" என்றார். அப்ராகுளோனிடின் என்ற சொட்டு மருந்து இமையை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தும்; அதைக் கொடுத்துக் காத்திருந்தோம். ஐந்து வாரத்தில் இமை தானே நிமிர்ந்தது. அதன் பின் மேல் இமையின் நடுப்பகுதியை நான் தொடுவதே இல்லை, உள்ளோரத்திலும் வெளியோரத்திலும் மட்டும் போடுகிறேன். உங்களுக்குப் போடுபவரிடம் இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அனுபவம் உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இமை தொங்குவது தவிர, ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, ஓரிரு நாள் தலைவலி, சில வாரங்களுக்குக் கண் முழுதாக மூடாமல் காற்றுப் பட்டு உலர்ந்து உறுத்துவது ஆகியவை வரலாம். கடைசியில் சொன்னதற்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போதும், ஆனால் கண் சிவந்து வலித்தால் உடனே காட்டிவிட வேண்டும். முகம் பொம்மை போல ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் போடுவது ஒரு பக்கத்தில், சிறு அளவில். கண்ணைச் சுற்றியுள்ள இழுப்பு அடங்கினாலே கன்னத்து இழுப்பும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே முதல் முறை வாயோரத்தில் போடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே போட்டால்தான் சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறாமல் வாய் கோணும். பாடம் நடத்தும் உங்களுக்கு, "ப", "வ" என்று உச்சரிக்க உதடு வேண்டும். கன்னத்தில் கொஞ்சம் துடிப்பு மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. துடிப்பை முழுதாக அழிக்க வேண்டும் என்று பேராசைப்பட்டால்தான் முகம் பொம்மையாகும்.

அறையில் நடப்பது இதுதான். 100 யூனிட் குப்பியைத் திறந்து பார்த்தால் காலியாக இருப்பது போலவே தோன்றும். அடியில் பனி படிந்தது போல ஒரு மெல்லிய படலம் இருக்கும், அவ்வளவுதான். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்த அந்தக் குப்பிக்குள் உப்புநீர் ஊசியைக் குத்தியதும், நாம் அழுத்தாமலே உள்ளிருக்கும் வெற்றிடம் நீரை இழுத்துக்கொள்ளும். இழுக்கவில்லை என்றால் அந்தக் குப்பியைக் கீழே வைத்துவிட வேண்டும், அதைப் பயன்படுத்தக் கூடாது. நான்கு மில்லி நீர் சேர்த்தால் சிரிஞ்சின் ஒவ்வொரு 0.1 மில்லியிலும் இரண்டரை யூனிட் இருக்கும். இன்சுலின் போடுவது போன்ற மயிரிழை ஊசியால் ஐந்தாறு குத்து, எறும்பு கடித்த மாதிரி இருக்கும். எல்லாம் முடிய பத்து நிமிடம் ஆகாது, அன்றே நீங்கள் நடந்து வீட்டுக்குப் போகலாம். அன்றைய தினம் முகத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள், ஃபேஷியல் செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் தலை அமுக்கலும் அந்த வாரம் வேண்டாம். பலன் மூன்றாம் நாளிலிருந்து தெரியத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமை பெறும். முதல் நாள் மாலையே கண்ணாடியைப் பார்த்து ஏமாந்துபோகாதீர்கள்.

ஊசிக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை சில உண்டு. கர்ப்பம், தாய்ப்பால், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைச் சோர்வு நோய், ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் மாத்திரைகள், அண்மையில் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் அது. இதே மருந்து டிஸ்போர்ட் என்ற வேறொரு பெயரில் வரும் தயாரிப்பில் பசும்பால் புரதம் சிறிதளவு இருப்பதால், பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைப் போடக் கூடாது. போடாக்ஸின் யூனிட்டும் டிஸ்போர்ட்டின் யூனிட்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். புருவ மத்திக்கு முன்னதில் 20 யூனிட் என்றால் பின்னதில் 50 யூனிட். ஊர் மாறி வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் "சென்ற முறை 20 போட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தப் பெயரில் 20 என்பதையும் சொல்ல வேண்டும்.

வாழ்நாள் முழுதும் போட வேண்டுமா? நோய் தானாகப் போவது அரிது, ஊசியோ காரணத்தைத் தொடுவதில்லை. ஆகவே துடிப்பு தொந்தரவு தரும்வரை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை. பல ஆண்டுகளாகப் போட்டுக்கொள்பவர்கள் என்னிடமே இருக்கிறார்கள். பலருக்கு அதே அளவு அதே பலனைத் தருகிறது. மூன்று மாதத்துக்கு முன்பே "இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அடிக்கடி போட்டால் உடல் அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொண்டு மருந்தே வேலை செய்யாமல் போக வாய்ப்பிருக்கிறது. மற்றொரு வழி அறுவை சிகிச்சை. காதின் பின்புறம் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, நரம்பை உரசும் ரத்தக்குழாயை விலக்கி, இடையே பஞ்சு போன்ற ஒரு பொருளை வைப்பார்கள். பெரும்பாலோருக்கு இழுப்பு அடியோடு நின்றுவிடுகிறது. ஆனால் அது மூளைக்கு அருகே செய்யும் அறுவை. காது கேட்கும் திறனுக்கும் முக நரம்புக்கும் சிறு ஆபத்து உண்டு. 46 வயதில், வேறு நோய் இல்லாத உங்களுக்கு அதைப் பற்றி ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரிடம் பேசுவது நியாயம்தான். ஓராண்டு ஊசி போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்பேன். கார்பமசெபின் போன்ற மாத்திரைகளால் இதில் கிடைக்கும் பலன் குறைவு. தூக்கக் கலக்கம்தான் மிஞ்சும், வகுப்பில் நிற்பவருக்கு அது வேறு தொல்லை.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்குக் குப்பியில் கால்வாசிக்கு மேல் தேவைப்படாது. ஒரு குப்பி ஒரு நோயாளிக்கே என்பது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். ஆனாலும் ஒரே நாளில் மூன்று நான்கு நோயாளிகளை வரவழைத்துப் பகிர்ந்து போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு, கலந்த மருந்து 24 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்ற மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவிலும் விசாரித்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் வெறுமனே போடாக்ஸ் என்று எழுதாமல் நோயின் பெயரையும் எழுதித் தரச் சொல்லி, அதை முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அழகு சிகிச்சை என்று நினைத்து முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவது அங்கே வழக்கம். உங்கள் கணவருக்கு வந்த அதே சந்தேகம்தான்.

இந்த மருந்து அழகுக்கு வெளியே எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பக்கவாதம் வந்து ஓராண்டான ஒரு விவசாயி. வலக்கை இறுக மூடி, விரல்கள் உள்ளங்கைக்குள் புதைந்துகிடந்தன. நகம் வெட்ட யாராலும் முடியவில்லை. நகம் சதையில் ஏறி, புண்ணாகி, வாடை வந்தது. முன்கைத் தசைகளில் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து அவருடைய மகள் வந்தார். கை வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்றால் இல்லை, அது இந்த ஊசியால் ஆகாது. ஆனால் விரல்களைப் பிரிக்க முடிந்தது. அந்தப் பெண் என் மேசையருகிலேயே அப்பாவின் ஐந்து நகங்களையும் வெட்டி, காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். மூளை முடக்குவாதத்தால் குதிகால் தரையில் படாமல் நடக்கும் பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் தசையிலும், அளவு கடந்து வியர்ப்பவர்களுக்கு அக்குளிலும், அடக்க முடியாத சிறுநீர்ப்பைக்கு அதன் சுவரிலும் இதே மருந்தைத்தான் போடுகிறோம்.

இனி உங்கள் அண்ணன் மகள். மருந்து ஒன்றா என்றால், அழகு நிலையத்தில் வைத்திருப்பது உண்மையான மருந்தாக இருந்தால், ஆம், அதே குப்பிதான். நான் கவலைப்படுவது அந்த "இருந்தால்" பற்றித்தான். முதலில் அவர்கள் சொல்வது ஊசியா என்றே கேளுங்கள். ஹேர் போடாக்ஸ் என்று தலைமுடிக்குச் செய்வதில் போட்டுலினம் துளியும் கிடையாது. அது முடியை மெருகேற்றும் கிரீம், பெயரை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஊசிதான் என்றால், அதைப் போடும் கை பதிவு பெற்ற மருத்துவருடையதாக இருக்க வேண்டும். தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ என்றால் நல்லது. இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவருக்கு முகத்தசைகளின் வரைபடம் தெரியாது. தெரிந்தாலும், இமை தொங்கினால் என்ன செய்வது என்று தெரியாது.

2004-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மனிதர்களுக்குப் போடக் கூடாது என்று குறிக்கப்பட்ட ஆய்வகத்து நச்சை மலிவாக வாங்கிப் போட்டதில் நான்கு பேர் முழு உடல் செயலிழப்போடு செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். 2024-ல் அதே நாட்டில் போலி மருந்தாலும் தகுதியற்றவர்கள் போட்டதாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள், பாதிப் பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. கண்காணிப்பு இறுக்கமான நாட்டிலேயே நடந்தவை இவை. உரிய அளவில் போட்ட மருந்துகூட மிக அரிதாக வேறு இடங்களுக்குப் பரவக்கூடும் என்பதால் 2009 முதல் அங்கே எல்லாத் தயாரிப்புகளிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், உடல் முழுதும் தளர்ச்சி ஆகியவற்றில் எது வந்தாலும், அது நீங்களாக இருந்தாலும் அவளாக இருந்தாலும், போட்ட இடத்துக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

நான்கு நாள் முன்னால் போட்டால் போதும் என்று சொன்னதிலிருந்தே அங்குள்ளவர்களுக்கு இந்த மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்பது விளங்குகிறது. நான்காம் நாள் பாதிப் பலன்கூட இருக்காது. ரத்தக்கட்டு மட்டும் பச்சையாகத் தெரியும். ஒரு இமை தொங்குவதாக இருந்தால் அதுவும் அந்த வாரத்தில்தான் தொடங்கும், அதாவது சரியாக முகூர்த்தத்தன்று. கல்யாணத்தை மனதில் வைத்து ஒருவர் போட்டுக்கொள்வதாக இருந்தால் குறைந்தது ஆறு வாரம் முன்னால் போட வேண்டும். முதன்முறையாகப் போடுபவர் கல்யாணத்தை ஒட்டிப் போடவே கூடாது. அது போக, 24 வயதில் அவளுக்கு எதைத் தளர்த்தப் போகிறார்கள்? சிரித்தால் கண்ணோரத்தில் விழும் கோடு சிரிப்பு நின்றதும் மறைந்துவிடுகிறது. நாற்பதுக்கு மேல், சிரிக்காதபோதும் நிற்கும் கோட்டுக்குத்தான் இந்த மருந்துக்கு ஏதோ வேலை இருக்கிறது. தோலின் நிறத்துக்கோ, பருத் தழும்புக்கோ, கண்ணின் கீழ்க் கருவளையத்துக்கோ இது எதுவும் செய்யாது. அழகுக்குப் போடுவதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பது வயதில் புருவ மத்திக் கோட்டால் எப்போதும் கோபக்காரராகத் தெரிகிறேன் என்று வருந்தி வருபவரைத் தோல் மருத்துவரிடம் நானே அனுப்பியிருக்கிறேன். ஆனால் உங்கள் அண்ணன் மகள் என்னிடம் வந்திருந்தால், அந்தப் பணத்தில் நல்ல பட்டுப்புடவை எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

உங்களுக்கு நாள் குறித்துத் தருகிறேன். மருத்துவரைப் பார்க்கும் முன், இழுப்பு மிகுந்திருக்கும் நேரத்தில் கைபேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுத்துவையுங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்தால் துடிப்பு அடங்கிப்போவது பலருக்கும் நடக்கும். பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் போட்டுக்கொண்டால் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் பலன் முழுமை பெறும், தைக் கடைசிக் கல்யாணத்துக்கும் இடைஞ்சல் இருக்காது. ஊசி போட்ட பதினைந்தாம் நாள் இன்னொரு காணொளி எடுத்துக் காட்டுங்கள், அடுத்த முறைக்கான அளவை அதை வைத்துத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். மார்ச் மாதப் பொதுத்தேர்வு மேற்பார்வையின்போது உங்கள் கண் அமைதியாக இருக்கும். மறுபடி துடிப்பு எட்டிப் பார்க்க ஏப்ரல் மூன்றாம் வாரம் ஆகிவிடும். அடுத்த ஊசியைக் கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.